முதலில் உணரட்டும்



அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியில், ஐந்தாம் வகுப்பில் குழந்தை உரிமைகள் பற்றிய பாடம். பிள்ளைகளையே எட்டு மணி நேரம் ஊதுபத்தி உருட்ட வைத்தார்கள். இரண்டு மணி நேரத்திலேயே முதுகு வலித்தது. பிறகு அவர்களே ஊருக்குள் போய், இது கூடாது என்று பேசினார்கள்.

பள்ளியை நிறுவிய கிரண் பிர் சேத்தி, 2009இல் 'டிசைன் ஃபார் சேஞ்ச்' தொடங்கினார். அதன் படிகள் நான்கு: உணர், கற்பனை செய், செய், பகிர்.

நாமோ முதல் படியைத் தாண்டி, பிள்ளையின் புராஜெக்ட்டை ராத்திரி உட்கார்ந்து நாமே முடித்துவிடுகிறோம். அடுத்த முறை சார்ட் பேப்பர் வாங்க ஓடும் முன், "இதில் யாருக்குக் கஷ்டம்? அவரிடம் பேசினாயா?" என்று கேளுங்கள். நம் கேட்டில் வெயிலில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணாவிடமிருந்தே தொடங்கலாம்.