ஃபெஸ் நகரைக் காட்டும் முறை



பழைய நகரம் ஒன்றை விருந்தினருக்குச் சுற்றிக் காட்டுவது, பாடல்களைத் தேர்ந்து தொகை நூல் செய்வதைப் போன்ற பணியாகும். எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதில்தான் தொகுப்பாளரின் நேர்மை விளங்கும். மொராக்கோ நாட்டு ஃபெஸ் நகரம் இதற்குத் தக்க சான்று.

1981ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற அந்தப் பழைய நகரில் இன்றும் மக்கள் வாழ்ந்து வருகின்றனர். மோட்டார் வண்டி நுழையாத சந்துகளில் கழுதைகளே சுமை கொண்டு செல்கின்றன. பெருங்கூட்டம் நின்றால் ஊராரின் வழி அடைபடும். ஆதலால் ஒரு வழிகாட்டியுடன் பத்துப் பேருக்கு மேல் செல்லலாகாது. வெள்ளிக்கிழமையில் கடைகள் பல மூடியிருக்கும். அந்நாளைத் தவிர்த்தல் நன்று.

காலையில் பூ இனானியா மதரசாவில் தொடங்கலாம். சுல்தான் அபூ இனான் 1350க்கும் 1355க்கும் இடையே எழுப்பிய கல்விக்கூடம் அது. நாடு பல சுற்றித் திரும்பிய இபின் பதூதாவைக் கண்டவற்றைக் கூறுமாறு பணித்தவரும் அவரே. பயணி கூற, இபின் ஜுஸய் என்னும் புலவர் எழுதினார். கூறி முடித்த ஆண்டும் 1355. மதுரையில் பரவிய கொள்ளைநோயின் கொடுமையும் அந்நூலில் பதிவாகியுள்ளது. தமிழகத்தின் துயரம் ஒன்று ஏடேறியது ஃபெஸ் நகரில் என்பதை அம்முற்றத்தில் நின்று அறிவது தனி அனுபவம்.

அடுத்தது நஜ்ஜாரின் சதுக்கம். வணிகர் தங்கிய பழைய சத்திரம் 1998 முதல் மரக்கலை அருங்காட்சியகமாக உள்ளது. உள்ளே தச்சுக் கருவிகளைக் கண்டவர்களை, அருகிலுள்ள தச்சர் கடைகளுக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். அப்போதுதான் கருவியின் பயன் புலப்படும்.

859இல் நிறுவப்பட்டதாக மரபு கூறும் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம் அல்லாதார் செல்ல இயலாது. வாயிலில் நின்று காண்பதோடு அமைதல் வேண்டும். நீண்ட விளக்கவுரை அங்குத் தேவையில்லை.

இறுதியாக, சுவாரா தோல் பதனிடும் களம். மாடியிலிருந்து காண்போர் நாற்றம் பொறுக்கப் புதினாத் தழை தரப்படும். கீழே சுண்ணாம்பும் புறா எச்சமும் கரைத்த தொட்டிகளில் தொழிலாளர் இறங்கி நிற்கின்றனர். சாயத் தொட்டிகளின் நிறத்தை மட்டும் காட்டி, அவ்வுழைப்பைச் சொல்லாது விடுவது பொய்த் தொகுப்பாகும். ஒரு நாளில் இவ்வளவு போதும். இடங்கள் குறைந்தாலும் குற்றமில்லை, மனிதர் விடுபடலாகாது.