"ஏன்?" என்னும் வினா

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால் கல்வராயன் மலை கண்முன் எழுகின்றது. வளைந்து வளைந்து ஏறும் பாதை வெள்ளிமலையை அடைகின்றது. அம்மலையின் உட்புறத்துச் சிற்றூர் ஒன்றில், நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பேறுகால வலி எடுப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டார் 108 என்ற எண்ணை அழைக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய அவசர ஊர்திச் சேவையின் எண் அது.

இத்தகைய சேவைக்கு மென்பொருள் எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்? திரையில் எந்தெந்தப் பொத்தான்கள் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். போகும் ஊர் எதுவென்று அறியாமல் வண்டி பூட்டுவதை அது ஒக்கும். முதலில் நோக்கத்தைக் கேளுங்கள் என்கிறது, இலக்குவழித் தேவை ஆய்வு என்னும் துறை. ஆனி தார்டென், ஆக்செல் வான் லாம்ஸ்வீர்டே, ஸ்டீபன் ஃபிக்காஸ் ஆகிய மூவரும் 1993-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

அதன் முறை எளிது. வண்டி நிற்கும் இடம் திரையில் தெரிய வேண்டும். ஏன்? அருகிலுள்ள வண்டியை அனுப்புவதற்கு. ஏன்? அத்தாய்க்கு உரிய நேரத்தில் மருத்துவ உதவி கிடைப்பதற்கு. "ஏன்" என்று கேட்குந்தோறும் மேலே ஏறுகிறோம். "எப்படி" என்று கேட்குந்தோறும் கீழே இறங்குகிறோம். இவ்வாறு ஓர் இலக்கு பல கிளைகளாகப் பிரிகின்றது. சில கிளைகள் அனைத்தும் நிறைவேற வேண்டும். சிலவற்றுள் ஒன்று நிறைவேறினாலே போதும். அடிக்கிளை ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும்: மென்பொருளோ, ஓட்டுநரோ, அழைப்பை ஏற்பவரோ.

அடுத்து, "எது தடுக்கும்?" என்று கேட்க வேண்டும். இதைக் கேளாததன் விலையை இலண்டன் நகரம் அறியும். 1992 அக்டோபர் 26 அன்று அங்கே அவசர ஊர்திகளை அனுப்பும் புதிய கணிப்பொறி அமைப்பு நிலைகுலைந்தது. வண்டிகள் இருக்குமிடம் எப்போதும் சரியாகத் தெரியும் என்று அது நம்பியிருந்தது. ஆனால் வானொலி அலை எட்டாத இடங்கள் நகரில் இருந்தன. பணியாளர் தவறான பொத்தானை அழுத்துவதும் உண்டு. வான் லாம்ஸ்வீர்டேயும் இம்மானுவேல் லெத்தியேயும் 2000-இல் இந்நிகழ்ச்சியையே எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இலக்குக்கும் நேரக்கூடிய இடையூறுகளை முன்கூட்டியே தேடும் முறையை விளக்கினார்கள்.

சமவெளி நகரிலேயே அலை எட்டவில்லை என்றால், மலை மடிப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கல்வராயனுக்கென எழுதுவோர், "செல்பேசி அலை அறுந்தால்? மழையில் பாதை அடைபட்டால்?" என்று கேட்டே தீர வேண்டும்.

மேலும் ஒன்று. வண்டியை விரைந்து அனுப்புவதே நோக்கம் என்று கொண்டால், நாம் காணும் வழி அது ஒன்றுதான். தாயும் சேயும் நலமாயிருப்பதே நோக்கம் என்று உணர்ந்தால், பேறுகாலம் நெருங்குமுன்பே தாயை மருத்துவமனையருகில் தங்கவைக்கும் வழியும் புலப்படும். அதில் மென்பொருளின் பணி, பேற்று நாளை முன்னதாக நினைவூட்டுவது மட்டுமே. பொத்தான்களை எண்ணத் தொடங்கியவருக்கு இவ்வழி தோன்றாது.

நாளை நீங்கள் எதை ஆக்கினாலும், எழுதுகோலை எடுக்குமுன் "ஏன்?" என்று கேளுங்கள். மலையுச்சியில் காத்திருக்கும் ஓர் உயிர் அவ்வினாவை நம்பியிருக்கலாம்.