உரக்க வாசிப்போம்



செப்டம்பர் மாதம் முடிகிறது. மாதத்தின் கடைசி நாளாகிய 30ஆம் தேதி, திருவிவிலியத்தை இலத்தீன் மொழியில் தந்த புனித எரோணிமுசைத் திருச்சபை நினைவுகூர்கிறது. பெத்லகேமில் தங்கி, முதுமையிலும் புத்தகமும் எழுதுகோலுமாக வாழ்ந்து, கி.பி. 420இல் இறைவனடி சேர்ந்தவர் அவர். அவருடைய மாதம் என்பதால், வழக்கமான செப நூல்களோடு வேறு சில புத்தகங்களையும் இந்த முப்பது நாளில் வாசிப்பது என்று நாம் முடிவு செய்திருந்தோம். அன்னையின் பிறப்பு விழா, பங்கு அலுவல்கள், மழை, மின்தடை இவற்றுக்கு நடுவே கையில் எடுக்க முடிந்தது மூன்றே புத்தகங்கள். அவை நமக்குச் சொன்னதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

"சாமியாருக்குக் கதைப் புத்தகம் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 தேதியிட்டு ஒரு மடல் எழுதினார். மனித உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு என்பதே அதன் பொருள். முதலில் குருக்களின் பயிற்சியை மனத்தில் வைத்துத் தொடங்கியவர், பிறகு எல்லாக் கிறிஸ்தவருக்கும் இது தேவை என்று விரித்து எழுதினார். இளம் வயதில் அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் இலக்கியம் கற்பித்தவர் அவர். இன்னொருவரின் குரலுக்குச் செவிகொடுக்க இலக்கியம் நம்மைப் பழக்குகிறது என்பது அந்த மடலின் சாரம். பிறர் குரலைக் கேட்க மறந்தவர் இறைவனின் குரலை எப்படிக் கேட்பார்?

முதல் புத்தகம், வீரமாமுனிவரின் தேம்பாவணி. இத்தாலியில் பிறந்து, தமிழ் கற்று, 3615 பாடல்களில் ஒரு காப்பியமே பாடிவிட்டார். காப்பியத் தலைவர் யார்? அரசர் அல்லர், படைத்தலைவர் அல்லர். தச்சுத் தொழில் செய்த புனித சூசையப்பர். உழைத்துச் சாப்பிட்ட ஒருவரைத் தமிழ்க் காப்பியத்தின் நடுவே நிறுத்தினார் முனிவர். நூல் எளிதானதல்ல. உரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சில படலங்களே வாசித்தோம். ஏலக்காய் எடுக்கும் தாய்மார்களுக்கு இது புரியும். காய் செடியின் உச்சியில் தொங்குவதில்லை. தூரில், மண்ணை ஒட்டி ஓடும் சரத்தில் இருக்கிறது. குனிந்துதான் எடுக்க வேண்டும். விளைந்ததை எடுத்து, இளங்காயை விட்டுவிட்டு, சில வாரம் கழித்து அதே செடிக்கு மறுபடியும் வர வேண்டும். பெரிய நூல்களும் அப்படித்தான். இம்முறை நமக்கு விளைந்தது ஒரு காட்சி: இரவோடு இரவாக மனைவியையும் பச்சிளங்குழந்தையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் புறப்படும் ஒரு தொழிலாளி.

அந்தக் காட்சியோடுதான் இரண்டாவது புத்தகத்தைத் திறந்தோம். பி. எச். டேனியல் என்னும் தோட்ட மருத்துவர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் இரா. முருகவேள் மொழிபெயர்த்திருக்கிறார். திருநெல்வேலிச் சீமைச் சிற்றூரிலிருந்து கருப்பனும் வள்ளியும் மலையேறுகிறார்கள். மேஸ்திரி கொடுத்த முன்பணம் அவர்களைக் கூட்டிப்போகிறது. அந்த முன்பணமே அவர்களை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மழை, குளிர், மலேரியாக் காய்ச்சல், தீராத கடன். வாசிக்க வாசிக்கக் கை கனத்தது.

அது வேறு மலை, வேறு காலம் என்பது உண்மைதான். இன்று மருந்து இருக்கிறது. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனாலும் விடியும் முன்பே நம் போடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும் ஜீப்புகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். தோட்டம் வைத்திருப்பவர், ஏலக்காய் வாங்கி விற்பவர், கூலிக்குக் காய் எடுப்பவர், கிட்டங்கியில் உட்கார்ந்து தரம் பிரிப்பவர் எல்லாரும் ஒரே திருப்பலியில் சமாதானம் பகிர்கிறோம். முன்பணம் வாங்கியவரின் பெயர் நம் கணக்கு நோட்டில் இருக்கிறது. அவர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது நமக்குத் தெரியுமா? மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டிருக்கிறோமா?

மூன்றாவது புத்தகம் நம் வீட்டுக்குள்ளேயே நம்மைக் கூட்டிவந்தது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, துறவற சபையில் சேர்ந்து, பிறகு வெளியே வந்த ஒரு தலித் பெண்மணி தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி, தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிப்போவதைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஏன் அப்படி என்று அண்ணன் விளக்கியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது. படி, படித்தால் மரியாதை தேடிவரும் என்று பிறகு அதே அண்ணன்தான் சொல்கிறார்.

கோவிலிலும் மடத்திலும் கண்ட பாகுபாட்டையும் அவர் மறைக்கவில்லை. பீடத்தில் நிற்கும் நமக்கு அது சுகமான வாசிப்பு அல்ல. ஆனால் 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஏடும், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம், தேர்ப்பவனியிலும் கல்லறையிலும் ஆளுக்கொரு வரிசை வைத்திருந்தால், நற்கருணை நமக்கு என்ன கற்பித்தது?

அன்பார்ந்தவர்களே, "எங்களுக்குப் படிக்க நேரம் எங்கே சாமி? சிலருக்கு எழுத்தே தெரியாதே" என்று நீங்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எத்தியோப்பிய நிதியமைச்சர் எருசலேமிலிருந்து ஊர் திரும்புகிறார். தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசிக்கிறார். ஓடிச் சென்ற பிலிப்பு அதைக் காதால் கேட்கிறார். அப்படியானால், அமைச்சர் வாய்விட்டு வாசித்தார் என்று பொருள்! மனத்துக்குள் வாசித்திருந்தால் பிலிப்புக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பொருள் புரியவில்லை என்று சொல்ல அந்தப் பெரிய மனிதர் வெட்கப்படவுமில்லை. பிலிப்பு ஏறி அருகில் அமர்கிறார். அந்தப் பயணம் திருமுழுக்கில் முடிகிறது.

ஆகவே இந்த அக்டோபரில் உங்களிடம் நாம் கேட்பது பத்தே நிமிடம். குடும்ப செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கட்டும். முதலில் அன்றைய நற்செய்தி. பிறகு ஏதாவது ஒரு நல்ல புத்தகத்தில் இரண்டு பக்கம். கிளை நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டியும் கேட்கலாம். வேலை முடிந்து இடுப்பு வலியோடு படுத்திருக்கும் அம்மாவும் கேட்கலாம். புரியாததைக் கேளுங்கள். தெரிந்தவர் அருகில் அமர்ந்து சொல்லுங்கள். தனியாக இருக்கும் அண்டை வீட்டு முதியவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவராக இருந்தாலும்.

வாக்கு மனிதரான நம் ஆண்டவர், நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று வாசித்தவர், நம் வீடுகளில் ஒலிக்கும் வாசிப்பையும் ஆசீர்வதிப்பாராக. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.