மேல்வீட்டில் கற்ற பாடம்



'பணியிடத்தில் இறுகிய மனம்: விவிலியம் காட்டும் வழி' என்னும் பொருளில் பேசப் பணித்திருக்கிறீர்கள். இறுகிய மனம் என்றவுடன் அலுவலக மேலதிகாரி ஒருவர் நம் கண்முன் வந்து நிற்பார். அவரைத் தேடி நான் செல்லப்போவதில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் பயிற்றுவிக்கும் என்னையே சான்றாக வைத்துப் பேச விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அகமதிப்பீட்டுத் தேர்வொன்றில் நெய்தல் திணையின் உரிப்பொருளை விளக்குமாறு வினா அமைத்திருந்தேன். இரங்கலும் இரங்கல் நிமித்தமும் என்பது நாம் அனைவரும் அறிந்த விடை. கடலோரச் சிற்றூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி அதனை எழுதியதோடு நிற்கவில்லை. படகு திரும்பத் தாமதமானால் தங்கள் கரையில் பெண்கள் அழுதுகொண்டு அமர்ந்திருப்பதில்லை என்றும், காற்றின் திசையைப் பார்ப்பார்கள், கிழிந்த வலையைப் பின்னுவார்கள், கொடுக்கவேண்டிய கடனைக் கணக்கிடுவார்கள் என்றும், இரங்கல் அந்த வேலைகளுக்குள்ளேயே இருக்கும் என்றும் ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அப்பக்கத்தைச் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, 'பாடத்தில் இல்லை' என எழுதி, பத்துக்கு மூன்று மதிப்பெண் இட்டேன். விடைத்தாளைப் பெற்றுக்கொண்ட அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "அம்மா, நான் எழுதினது தப்பா, இல்ல பாடத்துல இல்லாததா?" இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று என்னிடம் தீய எண்ணம் ஏதுமில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்னும் நேர்மைதான் இருந்தது. அந்த நேர்மையே என் கண்ணை மறைத்தது.

அந்த வார ஞாயிறன்று ஆலயத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. யோப்பா பட்டணத்தில், தோல் பதனிடும் சீமோனின் மேல்வீட்டில், நண்பகலில் பேதுரு செபிக்கிறார். பசிக்கிறது. வானிலிருந்து பெரிய துப்பட்டி ஒன்று நான்கு முனைகளிலும் கட்டப்பட்டு இறங்குகிறது. யூத மரபு விலக்கிய உயிர்களும் அதில் இருக்கின்றன. அடித்து உண்ணுமாறு குரல் கேட்கிறது. 'ஆண்டவரே' என்று விளித்த அதே வாயால் பேதுரு மறுக்கிறார். தீட்டான எதையும் தாம் ஒருநாளும் உண்டதில்லை என்பதே அவர் கூறும் காரணம். மூன்று முறை இவ்வாறு நிகழ்கிறது.

பன்முறை கேட்ட பகுதிதான். எனினும் அன்று அந்த மறுமொழியில் என் குரலையே கேட்டேன். 'இதுவரை இப்படிச் செய்ததில்லை' என்ற சொல் ஒலிக்காத பணியிடம் உண்டா? இதைச் சொல்பவர் பெரும்பாலும் சோம்பேறியாக இருப்பதில்லை. கறைபடாத பணிப்பதிவு உடையவராகவே இருப்பார். அப்பதிவைக் காப்பதே பணி என்று நாளடைவில் அவருக்குத் தோன்றிவிடுகிறது.

இன்னொன்றையும் கருதுங்கள். இறந்த விலங்குகளின் தோலைக் கையாளும் தொழில் அன்று தூய்மைக் குறைவாகக் கருதப்பட்டது. அத்தொழிலாளியின் வீட்டில்தான் பேதுரு தங்கியிருக்கிறார். கால்கள் முன்பே எல்லையைத் தாண்டிவிட்டன. மனம்தான் பின்தங்கி நிற்கிறது.

காட்சியைக் கண்டவுடன் அவருக்குத் தெளிவு பிறந்துவிடவில்லை, குழப்பமே மிஞ்சியது. அவ்வேளையில் ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு அனுப்பிய மூவர் வாசலில் வந்து நின்றனர். மறுநாள் அவர்களோடு புறப்பட்டுச் செசரியாவுக்குச் சென்று, அந்த அந்நியரின் வீட்டுக்குள் நுழைந்த பின்னரே, எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லலாகாது எனத் தாம் அறிந்துகொண்டதாகப் பேதுரு கூறுகிறார். உணவைப் பற்றிய காட்சி மனிதரைப் பற்றிய பாடமாக முடிகிறது. வாதத்தால் திறவாத கதவு, வாசலில் நின்ற மனிதரால் திறந்தது. என் வாசலிலும் ஒருத்தி நின்றாள். நான்தான் அவளை அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பில், அனைவர் முன்னிலையிலும் என் பிழையை ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். துறையில் கேள்வி எழுந்தது. எருசலேமில் விளக்கம் கேட்கப்பட்டபோது பேதுரு வாதிடாமல், நடந்ததை வரிசையாக எடுத்துரைத்தார். நானும் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ஒருவர் ஏற்றார், ஒருவர் இன்றுவரை ஏற்கவில்லை.

அப்படியானால் விதிகளே வேண்டாவா? இயேசு ஓய்வுநாளை ஒழிக்கவில்லை. அது மனிதருக்காகவே ஏற்பட்டது என்று கூறி, அதனை உரிய இடத்தில் வைத்தார். நம் மொழியிலும் இதற்குச் சான்று உண்டு. ஓலைச்சுவடியில் புள்ளியிடாமல் எழுதும் வழக்கத்தால் எகர, ஒகரங்களின் குறிலும் நெடிலும் மயங்கின. 'எரி'யா 'ஏரி'யா என்பதை இடம் நோக்கியே உணரவேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார். மரபை அறியாமல் அவர் கைவைக்கவில்லை. ஐந்திலக்கணத்தையும் கற்றுத் தொன்னூல் விளக்கம் இயற்றியவர் அவர். படிப்பவரின் இடர்ப்பாடு கண்ணில் பட்டதால் எழுத்தை மாற்றினார். கால மாற்றத்திற்கேற்பச் சில வழக்குகள் விடைபெறுவதும் சில வந்து சேர்வதும் பிழையாகா என நன்னூலாரும் இசைவு தந்திருக்கிறாரே!

ஒருமுறை திருந்திவிட்டால் போதும் என்றும் எண்ணவேண்டா. அதே பேதுரு பின்னர் அந்தியோகியாவில், தம்மவர் சிலர் வந்ததும் பிற இனத்தாரோடு உண்பதை விட்டு விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபம் இதனை மறைக்கவில்லை. கடந்த ஆண்டு மாணவி ஒருத்தி சீரும் தளையும் அற்ற கவிதையொன்றை நீட்டியபோது, படிக்கும் முன்பே என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. ஆகவே நமக்கு ஒரு பவுல் தேவை; கண்டிக்கும் உரிமையுள்ள நண்பர் தேவை.

மரபுக் கவிஞரும் புதுக்கவிஞரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் அமர்ந்து, ஒருவர் கவிதையை ஒருவர் திருத்தும் இவ்வட்டம் பத்தாண்டுகளாக எனக்கு அந்த நட்பைத் தந்திருக்கிறது. நாளை உங்களிடம் ஒரு புதிய கை ஒரு தாளை நீட்டும்போது, அது தவறா, அல்லது நம் பாடத்தில் இல்லாததா என்று ஒருகணம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி என்னுடையதன்று. கடற்கரையிலிருந்து வந்த அந்தப் பெண்ணுடையது.