இதயம் எனும் அமானிதம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் மருத்துவர் அல்லர். ஆயினும் ஜனாஸாத் தொழுகைக்கு முன்நிற்பவர் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தந்தையின் ஜனாஸாவை மகன் சுமப்பது உலக இயல்பு. ஆனால் முதிய தந்தை முன்வரிசையில் நிற்க, ஐம்பதைத் தொடாத மகனுக்காகத் தொழுகை நடத்த வேண்டிய நிலையும் நமக்கு நேர்ந்துள்ளது. காரணம் கேட்டால், "நெஞ்சுவலி ஹஜ்ரத், வாயு என்று இருந்துவிட்டோம்" என்கின்றனர்.

செங்கோட்டை மலைப்பாதையைக் கடந்து கொல்லம் செல்லும் வழியில் உள்ளது கொட்டாரக்கரை. அவ்வூரில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 52 நாடுகளில் 'இன்டர்ஹார்ட்' என்னும் ஆய்வை நடத்தினார். 2004-இல் வெளியான அதன் முடிவு என்ன? மாரடைப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பதே காரணிகளோடு தொடர்புடையது. புகை, இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவுளைச்சல், காய்கனி உண்ணாமை, உடலுழைப்பின்மை, மது ஆகியனவே அவை. மேலும், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு 53 வயதை ஒட்டியும், பிற நாட்டினருக்கு 59 வயதை ஒட்டியும் வருவதாக 2007-இல் வெளியான ஆய்வறிக்கை காட்டிற்று.

இந்த ஒன்பதில் முதலாவதைப் பற்றி நாம் பேசத் தயங்குகிறோம். மேலப்பாளையம் முதல் முக்கூடல் வரை தாமிரபரணிப் பகுதியின் எத்தனையோ வீடுகளில் பீடிக் கூலியில்தான் உலை கொதிக்கிறது. சுளகை மடியில் வைத்து இலை சுற்றும் நம் சகோதரிகளின் உழைப்பை நாம் இகழமாட்டோம். ஆனால் உண்மையை மறைக்கவும் இயலாது.

பீடியில் புகையிலை குறைவுதானே என்பர் சிலர். பீடி எளிதில் அணைந்துவிடுவதால், அதை அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க நேர்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் உயிர்வளியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிக்கோட்டின் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்கிறது. இரத்தமும் எளிதில் உறைகிறது. பீடி மட்டுமே புகைப்பவருக்கு மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று இன்டர்ஹார்ட் ஆய்வாளர்கள் 2006-இல் தெரிவித்தனர். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோருக்கும் ஆபத்து இரு மடங்குக்கு மேல். புகைப்பதை விட்டவருக்கோ மூன்று ஆண்டுகளுக்குள்ளாகவே அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

விட முடியவில்லை என்பவரிடம் ஒன்று கேட்கிறோம். ரமளானில் ஸஹர் முதல் இஃப்தார் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக விட்டிருந்தீர்களே, அது யாருடைய மன உறுதி? நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு தீக்குச்சியைத் தேடும் அந்த ஒரு நிமிடத்தை வென்றுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இனி, நடுநெஞ்சில் அழுத்தமும், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும், வியர்வையும், மூச்சுத்திணறலும் கண்டால், சோடா குடித்துக் காத்திராதீர்கள், 108-ஐ அழையுங்கள். தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோருக்கு முதலுதவியாக 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை நமக்குத் தொலைவிலும் இல்லை.

நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். முப்பது வயது கடந்த ஒவ்வொருவருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம் ஒன்றை ஆண்டுதோறும் பள்ளி வளாகத்தில் நடத்துங்கள். பீடி சுற்றும் பெண்மக்களுக்கு மாற்றுத் தொழில் கற்பிக்கவும் இவ்வாண்டே வழிகாணுங்கள்.

மனைவி சுற்றிய பீடியைக் கணவர் புகைத்து மாய்வதும், அவருக்குப் பின் அதே பீடியைச் சுற்றி அவள் அநாதைகளை வளர்ப்பதும் நம் தெருக்களில் இனியும் தொடரலாகாது. உடல் இறைவன் தந்த அமானிதம். அதை அவனிடம் சிதைத்து ஒப்படைக்கலாமா?

நமக்கும் நம் மக்களுக்கும் வல்ல அல்லாஹ் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.