மங்கலான கோடு

பார்மசியில் வாங்கிய ஆர்.டி.கே. என்ற கோவிட் சோதனைக் கருவியை மேசையில் வைத்துவிட்டு, வீடே சுற்றி நின்று பார்த்த நாள்களை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தால், “லேசாத்தான் வந்திருக்கு” என்று ஒரு நிம்மதி. அழுத்தமாக விழுந்தால் வயிற்றைக் கலக்கும். ஈப்போ கடைகளில் இன்றைக்கும் இந்தப் பேச்சு அடிபடுகிறது.

அந்தக் கோடு, மூக்கிலோ எச்சிலிலோ கிருமி எவ்வளவு என்று குத்துமதிப்பாகச் சொல்லும். நோய் எவ்வளவு வாட்டும் என்பது தனிக் கணக்கு.

பிரிட்டனில் 18 முதல் 29 வயதுவரை உள்ள 36 பேர், தாங்களே முன்வந்து, கோவிட் கிருமியைச் சொட்டு மருந்துபோல மூக்கில் விட்டுக்கொண்டார்கள். என்ன துணிச்சல்! 18 பேருக்குத் தொற்றியது. ஐந்தாம் நாள்வாக்கில் கிருமி உச்சத்துக்குப் போனது. ஆனால் யாருக்குக் கிருமி அதிகமோ அவருக்குத் தொல்லையும் அதிகம் என்று கணக்கு ஒத்துவரவில்லை. முடிவு 2022-இல் வெளியானது.

அப்படியானால் நுரையீரலைக் கெடுப்பது எது? 2003-இல் ஹாங்காங்கில், கோவிட்டுக்கு உறவான சார்ஸ் நோயாளிகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர், இலங்கைக் கண்டியில் பிறந்த மாலிக் பீரிஸ். பத்தாம் நாள்வாக்கில் உச்சத்தைத் தொட்ட கிருமி, பிறகு இறங்கியது. பலருக்கு மூச்சுத் திணறலோ அந்த இரண்டாவது வாரத்தில்தான் முற்றியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எல்லை மீறுகிறதோ என்று அவர் குழு சந்தேகப்பட்டது. 2020-இல் கோவிட்டில் அதற்கு வலுவான சான்று கிடைத்தது. கிருமியைத் தொடாமல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டெக்சாமெத்தசோன், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை.

சரி, நோய் வாட்டுவதை வைத்துத் தொற்றும் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டிய பெரியவர்களைக் கேளுங்கள். அந்தக் காலத்தில், விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்க முடியாதவர்தான் நோயாளி. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார். காய்ச்சல் இல்லையென்றால் வேலைக்காட்டுக்குப் போக வேண்டியதுதான். சார்ஸுக்கு அந்தச் சோதனை ஓரளவு போதும். கிருமி பெருகும் வேளையில் ஆள் படுத்துவிடுவார். கோவிட் கிருமியோ தொண்டை கரகரப்பதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். எந்த டிரசர் கண்ணிலும் சிக்காது. தாமான் வீட்டில் பேரனுக்கு இருமல்கூட இல்லை. அவனிடம் தொற்றிய இனிப்புநீர்க்காரப் பாட்டிக்கு ஆக்சிஜன்!

அதற்காகக் கிருமி அளவை ஒதுக்கிவிட முடியாது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில், கிருமி மிகுந்திருந்தவர்களிடையே இறப்பு கூடுதல் என்று சில ஆய்வுகள் காட்டின. ஃபுளுவிலோ கிருமியும் காய்ச்சலும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

வீட்டில் ஓர் எண்ணைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் சரி, அதில் 95-க்குக் கீழே இறங்கினால் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.