இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீசு

(திருவொற்றியூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீங்க. நான் காசைப் பற்றிப் பேசப் போறேன். பேங்க் குமாஸ்தா வேறென்ன பேசுவான்?

என் கவுண்டரில் பணம் எடுக்கிற சீட்டு தமிழ், இந்தி, இங்கிலீசு என மூன்று மொழியில் அச்சாகிறது. காசிமேட்டிலிருந்து மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வருகிற அம்மா, "நீயே எய்திக் குடு கண்ணு" என்று அதை நீட்டுகிறார். எண்ணூர்ப் பக்கம் வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன்களும் என்னைத்தான் எழுதச் சொல்கிறார்கள். யாருக்கும் உதவாத சீட்டை மும்மொழியில் அடிக்கப் பணம் இருக்கு. நம்ம பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தை இருமொழியில் அடிக்கத்தான் இல்லை.

இதே ஊரில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன் நான். கல்லூரியில் முதல் வாரம், 'கேட்டலிஸ்ட்' என்றால் என்ன என்று கேட்டார் ஆசிரியர். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன் "கோட்டா" என்றான், வகுப்பே சிரித்தது. ஹாஸ்டலுக்குப் போய் அகராதியைப் புரட்டினால், அது வினையூக்கி! பரீட்சையில் முழு மார்க் வாங்கின பாடம். தெரிந்ததையே தெரியாதவனாக நிறுத்தி வைத்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வார்த்தை அச்சடித்திருந்தால் போதும்.

2013-14இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளை விரிவாகத் திறந்தபோது நம்ம தாய்மார் ஓடிப்போய்ச் சேர்த்தார்கள். தமிழ்ப் பற்றுள்ள தோழர்கள் இதற்காக அவர்களைத் திட்ட வேண்டாம். தன் பிள்ளையைக் கான்வென்டுக்கு அனுப்பிவிட்டுச் சேரிப் பிள்ளைக்குத் தாய்மொழிக் கல்வியைப் போதிப்பது மேட்டுக்குடிப் பாசாங்கு. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது என்னைத் தலைகீழாக்கி நிற்கிறது. இங்கிலீசு வார்த்தை மனப்பாடம், பொருள் இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது மூச்சுத் திணறி ஓடியவர்கள் நம்ம ஜனங்கள். அந்த வாயுவைப் பற்றிப் பிள்ளை பள்ளியில் படிப்பதை வீட்டில் அம்மாவுக்கு எந்த மொழியில் சொல்லும்?

ஆந்திராவில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆங்கிலவழி மட்டும்தான் என்ற ஆணைகளை 2020 ஏப்ரலில் அங்குள்ள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, அது வேறு கதை. அந்த வருடமே தெலுங்கும் இங்கிலீசும் எதிரெதிர்ப் பக்கத்தில் வருகிற பாடநூலை அரசு அடித்துக் கொடுத்தது. பிள்ளைக்கு மட்டுமல்ல, வாத்தியாருக்கும் உதவும். (வாத்தியார்கள் கோவிச்சுக்க வேணாம்.)

நம்ம வீட்டுக்குள்ளேயே இன்னொரு கணக்கு இருக்கு. ராயபுரத்தில் குப்பை அள்ளுகிற பல குடும்பங்களில் பேச்சு தெலுங்கு. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்களே, அவர்களில் எத்தனையோ பேர். 2006ஆம் வருடத் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைக் கட்டாயமாக்கியது. சரி. தெலுங்கிலிருந்து கைபிடித்துத் தமிழுக்குக் கூட்டி வரும் கைநூல் என் கண்ணில் பட்டதில்லை. தமிழ்ப் பெருமை பேசுகிற நாமே இதைக் கேட்டதில்லை.

காசுக்கு வருவோம். சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40. புதிய கல்விக் கொள்கைக்குத் தலையாட்டவில்லை என்று 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் நான் அரசின் பக்கம். அதற்காக, "டெல்லி தரல" என்பதையே எல்லாக் கேள்விக்கும் பதிலாக ஏற்க முடியாது.

பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டமே வந்திருக்கு. அதிலிருந்து இருமொழிப் புத்தகம் போடலாமே என்று ஒரு தோழர் கேட்டார். கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் அடிக்கிற புத்தகத்துக்குப் பொது நிதி. பொதுச் செலவை நம்ம கணக்கில் எழுதிக் காட்டுகிற வேலையை வருஷக்கணக்காகப் பார்த்தாச்சு. நம்ம நிதியில் தெலுங்கு-தமிழ்க் கைநூலும் குப்பத்திலும் சேரியிலும் மாலைப் படிப்பகமும் வரட்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கு. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. தெலுங்கில் பிழை இருந்தா அங்கேயே திருத்திட்டுக் கையெழுத்துப் போடுங்க.